காருக்குள் மட்டும் மச்சான்

எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டதும் அவர் முதலில் செய்த காரியம், எங்களுக்கு உறவுமுறை சொல்லிக்கொடுத்ததுதான்.

"நல்லா கேட்டுக்குங்க. நீங்க எனக்கு மச்சான். இவங்க என் கூடப்பொறந்த தங்கச்சி. பாப்பா எனக்கு மருமக. நான் பாப்பாவுக்குத் தாய்மாமன். யாரு கேட்டாலும் இதான். மாத்திச் சொல்லிடாதீங்க, என் பொழப்பு போயிரும்."

அவர் ஓட்டியது கள்ள டாக்சி. லைசென்ஸ் கிடையாது. சொந்தக் காரில் ஆள் ஏற்றிக் கூலி வாங்குகிறார் என்று தெரிந்தால் போலீஸ் காரைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் ஏறுகிற எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள். கோலசிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போகும் வரைக்கும்தான் அந்தச் சொந்தம். இறங்கியதும் முடிந்துவிடும்.

அன்றே அது சோதனைக்கு வந்தது. ஈஜோக் தாண்டி ஒரு வளைவில் போலீஸ்காரர்கள் சாலையை மறித்திருந்தார்கள். ஒருவர் குனிந்து எங்களைப் பார்த்து, "சியாப்பா இனி?" என்றார். இவர்கள் யார் என்று கேட்கிறார். காரை ஓட்டியவரோ பல் தெரியச் சிரித்துக்கொண்டு, துவான் துவான் என்று மரியாதையாக மலாயில் பதில் சொன்னார். தங்கச்சி, தங்கச்சி புருஷன், தங்கச்சி பிள்ளை. பிள்ளைக்கு உடம்பு சுகமில்லை. செந்தூலில் இருக்கும் அம்மா பேத்தியைப் பார்க்காமல் சோறு இறங்காது என்று நேற்றிலிருந்து பிடிவாதம் பிடிக்கிறாள். கோழிக்கறி ஆக்கி வைத்துக் காத்திருக்கிறாள். நேரமாகிவிட்டால் எனக்குத்தான் ஏச்சு விழும், துவான்.

போலீஸ்காரர் சிரித்தார். கறி காரமா என்று கேட்டார். "எங்கம்மா வச்சா கண்ணுல தண்ணி வரும் துவான்" என்று இவர் சொன்னதும், போ போ என்று கையை ஆட்டிவிட்டார்.

செந்தூலில் அவருக்கு அம்மா யாரும் இல்லை. இருந்தும் பின் சீட்டில் இருந்த என் மனைவி எச்சில் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குமே கோழிக்கறி வாசனை வந்த மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "பொய் சொன்னா முழுசா சொல்லணும் மச்சான். பாதியில நிறுத்துனா மாட்டிக்கும்."

நான் சிரித்து வைத்தேன். எனக்குப் பேச வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். கணக்கெழுதும் கிராணி, டாக்டர், போலீஸ் என்று யார் முன்னால் நின்றாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டரை வருடம் அவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவரை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. அது போலீசுக்காகச் சொல்லிக்கொடுத்த சொல். அதை எடுத்துப் புழங்க எனக்குக் கூச்சம். என் மனைவி இரண்டாவது வாரமே "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் "இந்தாங்க", "கேளுங்க" என்று சொல்லுவேன். அதுவும் வராவிட்டால் இருமுவேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் அது அவருடைய பெயர்தானா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு போலீஸ்காரர்களிடம் அவர் இரண்டு பெயர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் மகள் கோமதிக்கு அப்போது நாலு வயது. அடிக்கடி காய்ச்சல் வந்தது. காலில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. எங்கேயோ விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். பல் ஈறில் இரத்தம் கசிந்த அன்றைக்குத்தான் பயந்துபோய் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஆங்கிலத்தில் நிறைய சொன்னார். நர்ஸ் ஒருவர் தமிழர். அவர்தான் எங்களை ஓரமாக உட்கார வைத்து, இது இரத்தப் புற்றுநோய், ஆனால் பிள்ளைகளுக்கு மருந்து கேட்கும், ஒரு நாளும் தவறாமல் வரவேண்டும், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், நடுவில் நிறுத்தினால் மறுபடி வந்துவிடும் என்று சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் மனைவி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். எனக்கும் ஒன்றும் நினைவில்லை.

முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தோம். ஊசி போட்டுத் திரும்பும்போது பிள்ளை வாந்தி எடுப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். கூட்டத்தில் சளிக்காய்ச்சல் தொற்றிக்கொண்டால் ஆபத்து என்று நர்ஸும் சொல்லியிருந்தார். அப்போதுதான் தோட்டத்தில் ஒருவர் இவரைப் பற்றிச் சொன்னார்.

இரண்டாவது தடவை வந்தபோதே பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தது. பழைய துண்டு இரண்டு மடித்து வைத்திருந்தார். கூலியில் கறாராகத்தான் இருந்தார், மற்றவர்களிடம் வாங்குகிற மாதிரியே எங்களிடமும் வாங்கினார். ஆனால் அந்தப் பேசினை எங்களைக் கழுவ விட்டதில்லை. செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் காரை நிறுத்தி, வாய்க்கால் தண்ணீரில் அவரே அலசிக் கொண்டுவருவார்.

போலீஸ் இல்லாத இடத்திலும் பொய் சொல்லுவார். அதுதான் எனக்குப் புரியாது. எண்ணெய் போடுகிற இடத்தில், "என் மருமக படம் வரையிற போட்டியில மொதப் பரிசு" என்பார். பலகாரம் விற்கிற மலாய்க்கார மக்சிக்கிடம் என் மனைவியைக் காட்டி, என் தங்கச்சி ஸ்கூல் டீச்சர் என்று மலாயில் சொல்லுவார். ரப்பர் மரம் வெட்டிப் பால் கறை பிடித்த கைகளை என் மனைவி முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள்.

"ஏண்ணே இப்புடிப் புளுகுறீங்க? டீச்சராம்லா!"

"ஏன், நீ டீச்சரா இருந்தா அந்தம்மாவுக்கு என்ன நட்டம்? பாரு, ஒரு பலகாரம் கூட வச்சுக் குடுத்துச்சு."

கோமதி அதையெல்லாம் நம்பினாள். அவளுக்கு நாலு வயதுதானே. நாங்கள் போலீசுக்குச் சொன்னதை அவள் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். ஊசி போடும்போது "அம்மா" என்று கத்த மாட்டாள். "மாமா" என்றுதான் கத்துவாள். முதுகுத்தண்டில் ஊசி போட அவளை வளைத்துப் பிடிப்பார்கள். என்னால் பார்க்க முடியாது, வெளியே வந்துவிடுவேன். அப்பா அம்மா தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. அவர் வாசலில் நின்ற காவலாளியிடம், நான் தாய்மாமன், எங்கள் சாதியில் தாய்மாமன் தொட்டால்தான் பிள்ளைக்கு ஊசி போடுவோம் என்று என்னவோ சொல்லி உள்ளே போய்விட்டார். அப்படி ஒரு வழக்கம் எந்தச் சாதியில் இருக்கிறது? அந்தக் காவலாளி தமிழர்தான். அவரும் விட்டுவிட்டார்.

ஒரு தடவை இரத்தம் கேட்டார்கள். பிள்ளைக்கு ஏற்றியதற்குப் பதிலாகச் சொந்தக்காரர்கள் கொடுத்தால் நல்லது என்றார்கள். நான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு எழுந்தவன் மயங்கி விழுந்துவிட்டேன். கண் விழித்துப் பார்த்தால் அடுத்த கட்டிலில் அவர் படுத்திருக்கிறார். கையில் ஊசி.

"என்ன மச்சான், ஒரு பை ரத்தத்துக்கே சாஞ்சுட்டீங்க? செம்பனைக் குலையெல்லாம் எப்படித்தான் வெட்டுறீங்க?"

தாள் பிடித்துக்கொண்டு நின்ற பெண், பிள்ளைக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். "தாய்மாமன். கூடப்பொறந்த தாய்மாமன்" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். இரத்தம் குழாயில் போய்க்கொண்டிருந்தது. அது மட்டும் நிஜம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாவது மாதம் பிள்ளையின் முடி கொட்டத் தொடங்கியது. காலையில் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. என் மனைவி அதை ஒரு பையில் சேர்த்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்தால் மொட்டை போட்டுக் காது குத்துகிறேன் என்று மாரியம்மனுக்கு அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை, நாலும் பெண்கள். சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான், அவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி நாலு வயதாகியும் காது குத்தாமல் இருந்தோம். இப்போது கொடுப்பதற்கு முடியும் இல்லை. சாமி கேட்காமலே எடுத்துக்கொண்டதா, அல்லது வேண்டாம் என்று தள்ளிவிட்டதா என்று அவளுக்குக் குழப்பம். காரில் போகும்போது அதைச் சொல்லி அழுதாள்.

அப்போதுதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"அழுவாத தங்கச்சி. என் பொண்ணுக்கும் இப்புடித்தான் போச்சு. மொத்தமா போச்சு. இதே வியாதிதான், இதே ஆஸ்பத்திரிதான்."

என் மனைவி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "நெசமாவாண்ணே? இப்ப?"

"இப்ப என்ன? கலும்பாங்குல அஞ்சாவது படிக்குது. ஜடை இங்க வரைக்கும்." ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, வளைத்து, தன் முதுகில் இடுப்புக்கு மேலே தொட்டுக் காட்டினார். "வாரிப் பின்னி விடுறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிரும்."

அன்றைக்குப் போகும்போது முழுவதும் என் மனைவி கேள்வியாகக் கேட்டாள். வாய்ப்புண் வந்ததா? வந்தது. எத்தனை நாள்? ஒரு வாரம். என்ன கொடுத்தீர்கள்? கஞ்சித் தெளிவை ஆற வைத்து. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நிறுத்தாமல் பதில் இருந்தது. செந்தூல் கோழிக்கறிக்கு இருந்த மாதிரியே.

அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டாள். "கலும்பாங் அக்காவும் இப்புடித்தான் மருந்து குடிச்சுச்சாம்" என்று சொன்னால் கோமதி குடித்துவிடுவாள். ஆனால் நான் முன் சீட்டில் உட்கார்ந்து வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவன். எனக்குக் கணக்கு இடித்தது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் செரண்டாவில் அத்தை வீட்டில் இருந்தாள். அஞ்சாவது படித்தவள் மூன்றாவது படித்தாள். ஒரு தடவை அவளுக்கு நடனம் பிடிக்கும், இன்னொரு தடவை நீச்சல். நான் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நடந்ததைத்தான் இத்தனை வருடமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, இந்தச் சித்திரவதை எதற்கு, போகிற உயிர் வீட்டிலேயே நிம்மதியாகப் போகட்டுமே என்றார்கள். என் மனைவி இரண்டு நாள் யோசித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள், "போதுங்க. நான் இனிமே எம்பிள்ளையக் கொண்டுபோவ மாட்டேன்" என்றாள். எனக்குச் சரி என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வேலை வாங்கும் மண்டோரிடம் லீவு கேட்டேன். போகிறோமா இல்லையா என்று தெரியாமலே கேட்டேன். "எந்தக் காடியில போறீங்க?" என்று காரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"அந்தப் புளுகன் காடியிலயா? கலும்பாங்குல என் சகலை வீட்டுக்கு அடுத்த வரிசையிலதான் இருக்கான். வாயத் தொறந்தா பொய்தான்லா. உங்ககிட்ட என்ன கதை விட்டான்?"

"அவரு பொண்ணு..." என்றேன்.

"பொண்ணா? பொண்டாட்டியே இல்ல, பொண்ணு எங்கேருந்து வந்துச்சு?" மண்டோர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் வீடுகள் இருந்த லயத்து முனையில் கார் நின்றது. ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு அவரே இறங்கி எங்கள் வாசலுக்கு வந்திருந்தார். அதற்கு முன் அவர் எங்கள் வாசலுக்கு வந்ததே கிடையாது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"தங்கச்சி, தொற."

"நாங்க வரலைண்ணே. போயிருங்க."

"எம் பொண்டாட்டியும் இப்புடித்தான் தாழ்ப்பாள் போட்டா. இதே நாலாவது மாசம்தான். வாயெல்லாம் புண்ணு. செத்தாலும் வீட்லயே சாவட்டும்னா. நீ என்ன சொல்றியோ அதே வார்த்தைதான். நான் கதவ ஒடச்சிப் பிள்ளையத் தூக்கிட்டுப் போனேன். அன்னைக்கு நான் போவாட்டி இன்னைக்கு எம்பொண்ணு ஏது? அஞ்சாவது மாசம் புண்ணு ஆறிப்போச்சு தங்கச்சி. சத்தியமா. எம்பொண்ணு மேல சத்தியமா."

நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மண்டோர் சொன்னது அப்படியே காதில் இருந்தது. இல்லாத பெண் மேல் சத்தியம் செய்கிறார். உள்ளே இருப்பவள் என் மனைவி. அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். சொன்னால் கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால் மருந்து நிற்கும். சொல்லாவிட்டால் நானும் சேர்ந்து அவளை ஏமாற்றுகிறேன். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. பயத்தில் ஒட்டிக்கொண்டதா, நானே ஒட்ட வைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் எங்கிருந்து வருகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. "வாங்க மச்சான், நேரமாச்சு" என்றார்.

அஞ்சாவது மாதம் புண் ஆறியது. அதுவும் எனக்குக் குழப்பம்தான். பொய் சொல்லுகிறவர் எப்படி நாள் தவறாமல் சொன்னார்?

இரண்டு வருடத்துக்கு மேல் போய்வந்தோம். வாரா வாரம் என்பது மாதம் ஒரு தடவை ஆனது. முடி வளர்ந்தது, முன்னைவிடச் சுருட்டையாக. ஒரு நாள் டாக்டர் மருந்து போதும் என்றார். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும், இரத்தம் சுத்தமாக இருக்கிறது என்றார். வெளியே வந்து அவரிடம் சொன்னோம். அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லிவிட்டுத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மனைவி வேண்டுதலுக்கு நாள் பார்த்தாள். "தாய்மாமனுக்கு முறையாத் தட்டு வச்சு அழைக்கணும். நீங்க கலும்பாங்குக்குப் போயிட்டு வாங்க" என்றாள். எந்தத் தாய்மாமன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி எல்லாம் வைத்தாள். அதற்கு மேல் சிவப்பு ரிப்பன் இரண்டு கெஜம் சுருட்டி வைத்தாள். "அந்தப் பிள்ளை ஜடைக்கு."

பஸ் மாறி மாறிக் கலும்பாங்குக்குப் போனேன். சாமான் கடையில் எனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைக்காரர், "யாரு, பிள்ளையப் பறிகுடுத்தாரே அவரா? இல்ல, டாக்சி ஓட்டுறாரே அவரா?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போய், "டாக்சி" என்றேன்.

அவர் கை காட்டிய வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். மனைவியா, அக்காவா, கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் நிமிர்ந்து உள்ளே பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் சுவரில் படம் ஏதாவது மாட்டியிருந்ததா என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசல்படிதான். படியில் சின்னப் பிள்ளையின் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையதாகவும் இருக்கலாம்.

"அவரு இல்லீங்க. சவாரி போயிருக்காரு. நீங்க?"

"கோலசிலாங்கூரு. எங்க பாப்பாவுக்குக் காதுகுத்து..."

"ஓ, அந்தப் பாப்பாவா?" அவள் குரல் மாறியது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ரிப்பனைப் பார்த்தாள். "இது?"

"உங்க... பொண்ணுக்கு" என்றேன்.

அவள் ரிப்பனின் ஓரத்தை விரலால் நீவினாள். பிறகு, "உங்ககிட்டயும் சொன்னாரா?" என்றாள். கோபமா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை. ரிப்பனைத் திருப்பிக் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன். அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவர வரச் சொல்றேன். கண்டிப்பா வருவாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "பிள்ளையப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. பள்ளிக்கூடம் போயிருந்துச்சு" என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும், என்ன தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

ஜெராம் போகும் சாலையில் உள்ள சின்ன மாரியம்மன் கோயிலில் வைத்துச் செய்தோம். நாங்கள் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் வந்தார். பூசாரி, "தாய்மாமன் யாருப்பா?" என்று கேட்டார். சாமி முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால் என்ன சொல்வது?

"நான்தாங்க" என்று அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். போலீஸ்காரர்களிடம் பேசுகிற அதே முகம். "நாலு தங்கச்சி எனக்கு. இது மூத்தது. நான்தான் தூக்கி வளத்தேன்." என் மனைவியின் தங்கைகள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

மொட்டை போட்டுக் குளிப்பாட்டியதும் கோமதி தானாகப் போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, காது குத்தும் பத்தரிடம் கொடுத்தார். தங்கத் தோடு, ஒரு ஜோடி. மிளகு அளவுதான் இருக்கும். பத்தர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திருகாணி தேய்ந்திருந்தது.

"போட்டுப் பழகுன தோடா இருக்கே?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிறையச் சொல்லுவார், எங்கே வாங்கினது, யார் செய்தது, பாட்டியுடையது, பினாங்கிலிருந்து வந்தது என்று என்னவாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"ஆமா. பழசுதான்" என்றார். அவ்வளவுதான்.

கோமதி "மாமா" என்று கத்தினாள். அவர் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு காதும் குத்தி முடித்துப் பத்தர் எழுந்த பிறகும் அவர் பிடியை விடவில்லை. கோமதிதான், "மாமா, வலிக்குது, விடுங்க" என்றாள்.

அடகுக்கடை ஏலத்தில்கூடப் பழைய தோடு கிடைக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் அவர் இந்தப் பக்கம் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஜொகூரில் லோரி ஓட்டுகிறார் என்றார்கள், தவறிவிட்டார் என்றும் சொன்னார்கள். ஒருமுறை கலும்பாங்குக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கோமதி இப்போது ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அந்தத் தோடு அவள் மகள் காதில் இருக்கிறது. திருகாணி மட்டும் மாற்றியிருக்கிறோம். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. எந்த விஷயத்துக்கு என்று சொல்லிச் சொல்வது? அந்தப் பெண் இருந்தாளா, போய்விட்டாளா, இல்லவே இல்லையா என்பது தெரியாமல் எப்படித் தொடங்குவது?

காதுகுத்து முடிந்த அன்று அவர்தான் எங்களைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார். மனைவி, "வந்து சாப்பிட்டுப் போங்கண்ணே. நெசமாவே கோழிக்கறி ஆக்கி வச்சிருக்கேன்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டரை வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். தலையில் சந்தனம் பூசியிருந்த கோமதி அவர் தொடையில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து சாப்பிட்டார். கறி காரம். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டார்.

நான் சோற்றுச் சட்டியோடு பக்கத்தில் நின்றேன். வழக்கம்போல இருமினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க, மச்சான்" என்றேன்.

பக்கத்தில் போலீஸ்காரர் யாரும் இல்லை.